இரண்டு பட்டங்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயரலாம் என்று சாய்வு நாற்காலியில் சாய்ந்தேன். வாசலில் சைக்கிள் சத்தம் கேட்டது. என் தங்கை மகன் வந்து நின்றான். பௌதிகத்தில் பி.எஸ்ஸி. தேறியவன். கையில் ஒரு விண்ணப்பத்தாள்.

"மாமா, நான் பி.டி. படிக்கப் போறேன். ரெண்டு பேர்கிட்ட நற்சான்று வாங்கணுமாம். ஒண்ணு நீங்க எழுதித் தரணும்" என்றான்.

பி.டி. என்பது வேதசாஸ்திரப் பட்டம். இப்போது அழகாக இறையியல் என்கிறார்கள். கிறிஸ்தவ சபைகளில் குருவானவராக விரும்புகிறவர்கள் படிக்கிற படிப்பு அது. அதற்கு மேலே எம்.டி.எச். என்று ஒன்று இருக்கிறது. அதற்கும் மேலே டாக்டர் பட்டம் இருக்கிறது.

நான் பேனாவைத் தேடுவதற்குள் அவன் தகப்பனார், அதாவது என் மைத்துனர், மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். மகனைப் பின்தொடர்ந்தே வந்திருக்க வேண்டும்.

"மச்சான், நீங்க எழுதிக் கொடுத்துராதீங்க. அவன் ஊழியம் செய்யணும்னா செய்யட்டும், நான் மறிக்கலை. அதுக்கு எதுக்கு வருஷக்கணக்கா ஒரு படிப்பு? பேதுரு எந்தக் காலேஜ்ல படிச்சாரு? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?"

பையன் விட்டுக் கொடுக்கவில்லை. "பி.டி. முடிச்சா எம்.டி.எச்.; அதையும் முடிச்சா வெளிநாட்டுல டாக்டரேட்டுக்குப் போகலாம் மாமா. அப்புறம் காலேஜ்ல புரொபசர். கிராமத்துச் சேகரத்துல கிடந்து சாக வேண்டாம்."

இருவரும் என்னைத் தீர்ப்புச் சொல்லும்படி பார்த்தார்கள். எனக்கோ இருவர் மீதும் ஒரே சமயத்தில் கோபம் வந்தது. அன்றைக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. வீட்டுச் சண்டையைப் பத்திரிகையில் எழுதுவது அழகல்ல என்று எனக்கும் தெரியும். ஆனால் இது எங்கள் வீட்டுச் சண்டை மட்டும் அல்ல. ஆகவே எழுதுகிறேன்.

முதலில் என் மைத்துனரின் கட்சியை எடுத்துக் கொள்வோம். "ஊழியத்துக்குப் படிப்பு எதற்கு?" என்பது கேட்பதற்குப் பக்தி நிறைந்த வார்த்தை. கைதட்டலும் கிடைக்கும். பேதுரு மீன் பிடித்தவர்தான்; சந்தேகமில்லை. ஆனால் அவர் கடலிலிருந்து நேரே பிரசங்க பீடத்துக்கு ஏறிவிடவில்லை. தம் ஆசிரியரின் கூடவே நடந்து, கூடவே சாப்பிட்டு, தவறாகப் பதில் சொல்லித் திட்டு வாங்கிப் படித்தவர். பவுலோ கமாலியேல் என்ற பேராசானின் காலடியில் நியாயப்பிரமாணம் பயின்றவர். இதையெல்லாம் மறந்துவிட்டு, மீன் வலையை மட்டும் ஞாபகம் வைத்துக் கொள்வது என்ன நியாயம்?

பல்லைப் பிடுங்கப் படித்தவனைத் தேடுகிறோம். வீட்டுக்கு மின்சாரக் கம்பி இழுக்கப் பழகியவனைத் தேடுகிறோம். மனிதனுடைய பயத்தையும் சாவையும் குற்ற உணர்ச்சியையும் கையில் எடுத்துப் பேசுகிறவன் மாத்திரம் படிக்காமல் இருக்கலாம் என்கிறோம். விளைவு என்ன? ஜுரத்தில் கிடக்கிற பிள்ளைக்கு மருந்து கொடுப்பது அவிசுவாசம் என்று தாயிடம் சொல்லத் துணிகிற பிரசங்கிகள் தெருவுக்குத் தெரு கிடைக்கிறார்கள். ஒரு வசனத்தைப் பிய்த்து எடுத்து, அதன் முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று பார்க்காமல், அதைக் கொண்டு ஒரு குடும்பத்தையே பயமுறுத்துகிறார்கள். படித்தவன் தவறு செய்யமாட்டான் என்று நான் சொல்ல வரவில்லை. தவறு செய்தால் தன்னைத் திருத்திக் கொள்ள அவனுக்கு ஒரு வழியாவது தெரிந்திருக்கும். படிக்காதவன் தன் தவறையே தெய்வ வாக்கு என்று எண்ணிக் கொள்கிறான்.

"அப்படியானால் பட்டம் வேண்டும் என்கிறீர்கள்" என்று பையன் முகம் மலர்ந்தான். அவசரப்படாதே அப்பா. படிப்பு வேறு, பட்டம் வேறு. இந்த வித்தியாசம் தெரியாததனால்தான் நீயும் உன் தகப்பனாரும் ஒரே மாட்டை இரண்டு பக்கத்திலிருந்து இழுத்துக் கொண்டிருக்கிறீர்கள்.

இரண்டு மனிதர்களைச் சொல்கிறேன். ஒருவர் பார்த்தலோமேயு சீகன்பால்கு. 1706 ஜூலையில், ஏறக்குறைய இருபத்து நான்கு வயதில், தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மானியர். ஹாலே நகரத்தில் அவர் படித்த படிப்பு உடல்நலக் குறைவால் இடையிலேயே தடைப்பட்டது. ஆனால் இங்கே வந்ததும் அவர் செய்த காரியம் என்ன? திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். இரண்டே வருஷத்தில் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைச் சேகரித்து, இன்ன நூலில் இன்ன விஷயம் என்று ஒரு பட்டியலே எழுதிவிட்டார். கொன்றைவேந்தனையும் உலகநீதியையும் நீதிவெண்பாவையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். 1714, 1715 ஆண்டுகளில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். 1719இல் முப்பத்தாறு வயதில் இறந்து போனார். வாழ்ந்த காலமே கொஞ்சம். அதில் தமிழ் படித்த காலம் பன்னிரண்டு வருஷம்.

இன்னொருவர் வில்லியம் கேரி. இங்கிலாந்தில் செருப்புத் தைத்துப் பிழைத்தவர். தம் சொந்த முயற்சியால் பல மொழிகள் கற்று, வங்காளத்துக்கு வந்து, வங்காளியும் சமஸ்கிருதமும் கற்பிக்கும் ஆசிரியராகவே உயர்ந்தவர். அமெரிக்காவில் பிரவுன் பல்கலைக்கழகம் 1807இல் அவருக்கு டாக்டர் பட்டம் அளித்தது. அது கௌரவப் பட்டம். பரீட்சை எழுதி வாங்கிய பட்டம் ஒன்றும் அவருக்கு இல்லை. அந்த மனிதர் தம் இரு நண்பர்களோடு 1818இல் செராம்பூரில் தொடங்கிய கல்லூரிக்குத்தான் 1827இல் டென்மார்க் அரசர் பட்டம் வழங்கும் உரிமையைக் கொடுத்தார். அங்கே முதல் பி.டி. பட்டம் அளிக்கப்பட்டது 1915இல். இன்று என் மருமகன் வாங்கத் துடிக்கிற பி.டி. பட்டத்தில் விழப்போவது அந்தச் செராம்பூரின் முத்திரைதான்.

பட்டமில்லாத ஒருவர் பட்டம் கொடுக்கும் கல்லூரியை ஏன் கட்டினார்? படிப்பின் அருமை அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கல்லூரிக்காக 1818இல் வெளியிட்ட அறிக்கையின் தலைப்பே நோக்கத்தைச் சொல்லிவிடுகிறது: ஆசிய இளைஞர்களுக்கு, கிறிஸ்தவர்களுக்கும் மற்றவர்களுக்குமாக, கீழ்நாட்டு இலக்கியமும் மேல்நாட்டு அறிவியலும் கற்பிப்பது. கீழ்நாட்டு இலக்கியம் முதலில் நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். வெள்ளைக்காரர் ஒருவருக்கு அன்று தோன்றியது நமக்கு இன்று தோன்றவில்லை.

இனி என் மருமகனின் கட்சிக்கு வருகிறேன். அவனுக்குப் பட்டம் ஓர் ஏணி. பி.டி. முதற்படி, எம்.டி.எச். இரண்டாம் படி, டாக்டர் பட்டம் மொட்டைமாடி. கிராமத்துச் சேகரம் என்பது ஏறத் தெரியாதவன் விழுந்து கிடக்கும் பள்ளம். (சேகரம் என்றால் ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள பல சபைகள், வேற்று மத வாசகர்களுக்காகச் சொல்கிறேன்.) அவனை மட்டும் நான் குற்றம் சொல்லமாட்டேன். அவன் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறான். மெத்தப் படித்தவர் பட்டணத்துப் பெரிய கோயிலுக்கும் கல்லூரி நாற்காலிக்கும் போகிறார். குறைவாகப் படித்தவர், அல்லது மேலிடத்துக்கு வேண்டாதவர், பஸ் போகாத ஊருக்குப் போகிறார். கிராமத்துக்கு மாற்றுவது தண்டனை என்று பெரியவர்களே எண்ணும்போது, இருபத்திரண்டு வயதுப் பையன் வேறு எப்படி எண்ணுவான்?

இந்த ஏணி ஆசை முற்றிப்போய் இப்போது ஒரு வியாபாரமே நடக்கிறது. "ரெவரெண்ட்" என்று தனியே அச்சடித்தால் அழைப்பிதழ் நிர்வாணமாக இருக்கிறதாம். "ரெவரெண்ட் டாக்டர்" என்று போட்டால்தான் வேட்டி கட்டினாற்போல் இருக்கிறதாம். கல்லூரியும் இல்லாமல், நூலகமும் இல்லாமல், தபாலில் பணம் கட்டினால் அங்கியும் தொப்பியும் போட்டுப் படம் எடுத்துக் கொடுக்கிற இடங்கள் இருக்கின்றன. கோயில் கண்காட்சிச் சுவரொட்டி போல அந்தப் படங்கள் சுவருக்குச் சுவர் ஒட்டப்படுகின்றன. ராப்பகலாய்க் கண் விழித்து, எபிரேயமும் கிரேக்கமும் படித்து, நியாயமாகப் பட்டம் வாங்கியவர் கூட இந்தக் கூட்டத்தில் நின்று தம் பட்டத்தைச் சொல்ல வெட்கப்படும்படி ஆகிவிட்டது. கள்ள நாணயம் பெருகினால் நல்ல நாணயத்தையும் தட்டிப் பார்த்துத்தானே வாங்குவார்கள்?

"இவ்வளவு சொல்கிறீரே, உமக்கு இதில் என்ன தெரியும்? கதை எழுதுகிறவருக்கு வேதசாஸ்திரத்தில் என்ன வேலை?" என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. நான் இதுவரை அச்சில் சொல்லாத ஒரு விஷயத்தை இப்போது சொல்ல வேண்டியிருக்கிறது.

நானும் ஒரு வருஷம் அந்தப் படிப்புப் படித்தவன். 1974ஆம் வருஷம். எந்தக் கல்லூரி என்பது இங்கே அவசியமில்லை. என் தாத்தா உபதேசியார். பட்டம் ஒன்றும் இல்லாதவர். ஆனால் அவர் அலமாரியில் வேதாகமமும் நன்னூலும் ஒரே தட்டில் இருக்கும். பேரன் குருவானவர் ஆக வேண்டும் என்று அவர் ஜெபித்ததன் பேரில் என்னை அனுப்பினார்கள். நான் நன்றாகவே படித்தேன். உலகத்தில் துன்பம் ஏன் இருக்கிறது, நல்லவரான கடவுள் அதை ஏன் அனுமதிக்கிறார் என்பது பற்றி ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, இங்கிலாந்து அறிஞர்களையெல்லாம் கூட்டி வைத்து இருபது பக்கம் எழுதினேன். வகுப்பில் எனக்கே முதல் மார்க்கு.

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனேன். எங்கள் ஊர் தேரிக்காட்டு ஓரம். பதநீர்க் காலம். நான் போய்ச் சேர்ந்த வாரத்தில், எங்கள் வீட்டுக்கு மூன்றாம் வீட்டுப் பையன், பத்தொன்பது வயது, பனையிலிருந்து விழுந்து இறந்து போனான். அடக்கம் முடிந்த மறுநாள் சாயங்காலம் அவன் தாய் எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தாள். அழுகை தீர்ந்து போன முகம்.

"ஏய்யா, நீ பெரிய படிப்புப் படிக்கியாமே. நம்ம ஆண்டவரு எதுக்குய்யா அவனக் கைவிட்டாரு?" என்று கேட்டாள்.

நான் எழுதி முதல் மார்க்கு வாங்கிய கேள்வி அதுதான். வாயைத் திறந்தேன். உள்ளே இருந்ததெல்லாம் ஆங்கிலத்தில் இருந்தது. அதில் ஒரு வாக்கியத்தைக் கூட அந்த அம்மாளுக்கு முன்னால் வைக்கும்படியான தமிழில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. தமிழில் தெரியவில்லை என்றால் விஷயமே எனக்குத் தெரியவில்லை என்றுதான் அர்த்தம் என்பது அந்த நிமிஷத்தில் புரிந்தது. கடைசியில், "எல்லாம் தேவ சித்தம் அம்மா" என்றேன்.

அவள் கோபிக்கவில்லை. "அது உபதேசியாரே சொல்லிட்டாரே ராசா. நீ படிச்ச பிள்ளையாச்சே, வேற ஏதும் தெரியுமான்னு கேட்டேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

நான் மறுபடி அந்தக் கல்லூரிக்குப் போகவில்லை. தாத்தாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் மெட்ராஸுக்கு ஓடினேன். மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை. ஓடியது வீரம் என்று நான் இன்று சொல்லிக் கொள்ளவில்லை. திரும்பிப் போய், அந்த அம்மாளுக்குச் சொல்லத் தகுந்த ஒன்றைக் கற்றுக் கொண்டு வந்திருக்க வேண்டும். அதைச் செய்யாத குற்றம் என்னுடையது. ஆனால் ஒரு விஷயம் கவனியுங்கள். அந்த அம்மாள் படிப்பைப் பரிகசிக்கவில்லை. என் மைத்துனர் போல "ஏட்டுச் சுரைக்காய்" என்று சொல்லவில்லை. படித்தவனிடம் கூடுதலாக ஏதாவது இருக்கும் என்று நம்பி, அதைக் கேட்டு வந்தாள். கையெழுத்துப் போடத் தெரியாத அந்தத் தாய்க்குப் படிப்பின் மேல் இருந்த மரியாதை, படிப்பை ஏணியாக்கியவர்களுக்கு இல்லை. அவள் கேட்டது நியாயமான பாக்கி. நான்தான் கொடுக்க வழியில்லாமல் நின்றேன்.

என் வழக்கு இதுதான். வேதசாஸ்திரப் படிப்பு வேண்டும், கடினமாகவே வேண்டும். ஆனால் அது தமிழனின் வீட்டுத் திண்ணையில் செல்லுபடியாகும் படிப்பாக இருக்க வேண்டும். தமிழ் தெரியாமல் ஒருவன் தமிழ்நாட்டுச் சபைக்குக் குருவானவராகப் பட்டம் பெறலாம் என்றால், நீந்தத் தெரியாதவனுக்குத் தோணி ஓட்ட உத்தரவு கொடுப்பது போலத்தான்.

"பேசத் தெரியாதா? அவனுக்குத் தாய்மொழி அல்லவா?" என்பார்கள். கடைக்குப் போய் உப்புப் புளி வாங்குகிற தமிழைச் சொல்லவில்லை நான். துக்க வீட்டில், நோயாளியின் கட்டிலருகில், பங்காளிச் சண்டையின் நடுவில், கல்யாணம் தட்டிப் போன பெண்ணின் முன்னால் பேச வேண்டிய தமிழ் இருக்கிறதே, அது தானாக வராது. படித்துத்தான் வர வேண்டும். நம் பழைய இலக்கியத்திலும் ஒப்பாரியிலும் பழமொழியிலும் அது கிடக்கிறது. கிரேக்கச் சொல்லின் வேரைத் தேடி மூன்று நாள் நூலகத்தில் உட்காருகிறவன், தன் பாட்டி சொன்ன ஒப்பாரியின் ஒரு சொல்லைத் தேடி மூன்று நாழிகை உட்காரவில்லை என்றால், அது படிப்பின் குறையல்லவா?

முன்னே இப்படி இருக்கவில்லை என்பதற்கு அத்தாட்சி உண்டு. சாயர்புரத்தில் ஜி. யு. போப் கட்டி எழுப்பிய பள்ளியில் 1853இல் தமிழ்ப் பண்டிதராக அமர்ந்தவர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை. அப்போது அவர் கிறிஸ்தவர் அல்ல, வைணவர். ஞானஸ்நானம் பெற்றதே 1858இல்தான். உபதேசியார்களும் குருமார்களும் ஆக வேண்டிய பிள்ளைகள் பயின்ற இடத்தில் ஒரு வைணவப் பண்டிதரை உட்கார வைத்துத் தமிழ் சொல்லிக் கொடுக்கச் சொன்னார்கள். அவர் பின்னால் இரட்சணிய யாத்திரிகம் என்ற காவியத்தை எழுதினார். அந்தப் போப் ஐயர்தான் திருக்குறளை 1886இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். கல்கத்தாவில் இன்னொரு வேதசாஸ்திரக் கல்லூரி இருந்தது. பிஷப்ஸ் கல்லூரி என்று பெயர். அங்கே கிரேக்கமும் லத்தீனும் சமஸ்கிருதமும் படித்து வெளிவந்த மைக்கேல் மதுசூதன் தத்தர் குருவானவர் ஆகவில்லை. வங்காளக் கவிதையையே புதிதாக ஆக்கினார். அந்த நாள் கல்லூரிகளின் காற்று அப்படி இருந்தது.

எதிர்ப்பும் அன்றே இருந்தது. மறைக்கமாட்டேன். சீகன்பால்கு 1713இல் நம் தெய்வங்களைப் பற்றி விரிவாக ஒரு நூல் எழுதி ஹாலேக்கு அனுப்பினார். "உன்னை அனுப்பியது அந்த மதத்தை ஒழிக்க, அந்தக் கதைகளை ஐரோப்பாவில் பரப்ப அல்ல" என்கிற மனப்பான்மையில் மேலிடத்தார் அதை அச்சிடாமல் போட்டுவிட்டார்கள். அது அச்சேறியது 1867இல், சென்னையில். நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஒரு படிப்பாளியின் படிப்பு பெட்டியில் தூங்கியது. மேலிடம் என்பது எல்லாக் காலத்திலும் மேலிடம்தான்.

படிப்பை ஒதுக்கியதால் மட்டும் அல்ல, ஆளை ஒதுக்கியதாலும் நஷ்டம் வந்தது. தரங்கம்பாடிச் சபையில் 1733இல் முதல் தமிழ்க் குருவானவராக ஆரோன் அபிஷேகம் பெற்றார். அப்போது இராஜநாயக்கன் என்ற உபதேசியாரும் இருந்தார். உழைப்பிலும் பக்தியிலும் குறைந்தவர் அல்ல. ஆனால் அவர் தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்தவர்; அவர் கையால் நற்கருணை வாங்க மேல்சாதியார் சம்மதிக்கமாட்டார்கள் என்ற பயத்தில் அவருக்குக் குருப்பட்டம் கிடைக்கவில்லை. பெண்கள் கதை இன்னும் நீளம். தென்னிந்தியத் திருச்சபை 1947இல் உருவாயிற்று. அதில் முதல் பெண் குருவானவர் அபிஷேகம் பெற்றது 1976இல்.

இங்கேதான் கல்லூரி என்ற ஒன்றின் பெருமையை என் மைத்துனருக்கு நான் சொல்ல வேண்டும். இராஜநாயக்கனுக்கு மறுக்கப்பட்ட நியாயத்தை எங்கே போய்க் கேட்பது? சபைக் கமிட்டியிலா கேட்க முடியும்? வாயை மூடி உட்கார வைத்துவிடுவார்கள். வகுப்பறையில் கேட்கலாம். அரவிந்த் நிர்மல் 1981இல் பெங்களூரில் ஒரு வேதசாஸ்திரக் கல்லூரியில் நிகழ்த்திய உரையைத்தான் தலித் இறையியலின் ஆரம்பமாகச் சொல்கிறார்கள். ஒடுக்கப்பட்டவனின் வலியிலிருந்து கடவுளைப் பற்றிப் பேசத் தொடங்கினால் என்ன ஆகும் என்ற கேள்வி அங்கே எழுந்து, நாடெங்கும் பரவியது. படிப்பு இல்லாவிட்டால் கேள்வி இல்லை. கேள்வி இல்லாவிட்டால் பழைய அநியாயம் பக்தி வேஷத்தில் அப்படியே நடந்து கொண்டிருக்கும்.

இன்றும் எல்லாம் பாழாகிவிட்டது என்று நான் ஒப்பாரி வைக்கவில்லை. மதுரை அரசரடியில் 1969இல் தமிழ்நாடு இறையியல் கல்லூரி ஏற்பட்டது. தமிழிலேயே பி.டி. படிக்க அங்கே வழி செய்தார்கள். மாணவர்களை வளாகத்துக்கு வெளியே, ஏழைகள் குடியிருக்கும் இடங்களில் தங்க வைத்துப் படிக்கச் செய்தார்கள். 'பறட்டை' என்று பெயர் வைத்துக் கொண்ட தியாப்பிலஸ் அப்பாவு அங்கே ஆசிரியராக இருந்து, பறையும் நாட்டுப்புற மெட்டுமாக ஆராதனையையே மாற்றி அமைத்தார். எல்லார் வீட்டு அரிசியும் ஒரே உலையில் வேக வேண்டும், எல்லாரும் சேர்ந்து உண்ண வேண்டும் என்பதை நற்கருணைக்கு விளக்கமாகச் சொன்னார். 2005இல் காலமானார். அவரைப் போல் ஒருவர் அன்று எங்கள் திண்ணையில் உட்கார்ந்திருந்தால், அந்தத் தாய் வெறுங்கையோடு எழுந்து போயிருக்கமாட்டாள்.

ஆனால் இந்த வழியில் போகிறவர் சிலரே. தமிழில் படித்துத் தேறிய பையன் மேற்பட்டம் என்று போனால் பெரும்பாலும் ஆங்கிலத்திலேதான் ஆராய்ச்சிக் கட்டுரை எழுத வேண்டும். அப்போதே அவன் மனசில் ஒரு கணக்கு விழுந்துவிடுகிறது: தமிழ் கீழ்ப்படிக்கு, ஆங்கிலம் மேல்படிக்கு.

ஆங்கிலத்துக்காகப் பேசுகிறவர்கள் சொல்வதையும் கேட்டுவிடுவோம். நூல்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன என்கிறார்கள். உண்மை. மிசோரம் பையனும் மலையாளப் பையனும் தெலுங்குப் பையனும் சேர்ந்து படிக்கும் வகுப்பில் பொது மொழி வேண்டும் என்கிறார்கள். அதுவும் உண்மை. ஆகவே ஆங்கிலம் படிக்கட்டும், ஜெர்மனும் படிக்கட்டும். நான் கதவைச் சாத்தச் சொல்லவில்லை. வெளியே போய்ச் சம்பாதித்ததை வீட்டுக்குக் கொண்டு வரச் சொல்கிறேன்.

தமிழில் கலைச்சொற்கள் போதவில்லை என்று சொல்கிறவர்களிடம் மட்டும் எனக்குப் பொறுமை இல்லை. அந்நிய நாட்டிலிருந்து வந்து மணலில் எழுதிப் பழகியவருக்குச் சில வருஷத்தில் புதிய ஏற்பாடு முழுவதற்கும் தமிழ்ச் சொல் கிடைத்தது. நமக்கு ஒரு ஆராய்ச்சிக் கட்டுரைக்குக் கிடைக்கவில்லையா? 'இறையியல்' என்ற சொல்லே என் தாத்தாவின் வாயில் நான் கேட்டறியாதது. இன்று விண்ணப்பத்தாளிலேயே அச்சாகி வருகிறது. சொல் தானாக முளைக்காது, புழங்கினால்தான் முளைக்கும்.

கல்லூரிகளை நடத்துகிற பெரியவர்களுக்கு என் யோசனைகள் மூன்று. மேற்பட்டத்துக்கும் தமிழில் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுவதைத் தாழ்வாக எண்ணாமல் மதித்து ஏற்க வேண்டும். சாயர்புரத்தில் செய்தது போல, எந்த மதத்தவரானாலும் சரி, நல்ல தமிழறிஞர் ஒருவரை ஒவ்வொரு கல்லூரியிலும் அமர்த்த வேண்டும். கடைசிப் பரீட்சையை மண்டபத்தில் மட்டும் நடத்தாமல், ஒரு குடிசைத் திண்ணையிலும் நடத்த வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெரியம்மாள் கேள்வி கேட்கட்டும், அவளுக்கு விளங்கினால் தேறினான் என்று போடட்டும். மூன்றாவது யோசனையைக் கேட்டுச் சிலர் சிரிப்பார்கள். நான் அந்தப் பரீட்சையில் தோற்றவன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"இது கிறிஸ்தவர்கள் விவகாரம், எங்களுக்கு என்ன?" என்று எண்ணும் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வீட்டுக்கு வருகிற வைத்தியரும் வக்கீலும் விவசாய அதிகாரியும் எந்தப் பாஷையில் படித்துவிட்டு எந்தப் பாஷையில் உங்களிடம் திணறுகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். வியாதி ஒன்றுதான், நான் எனக்குத் தெரிந்த இடத்தில் நாடி பிடித்துக் காட்டினேன்.

அன்று மாலை என் மைத்துனரிடம், "மச்சான், பையன் படிக்கட்டும். படிக்காமல் பேசுகிறவன் செய்கிற கெடுதலுக்கு நீங்கள் நாளைக்குப் பதில் சொல்ல முடியாது" என்றேன். பையனிடம், "ஆங்கிலத்தில் நீ எழுதுகிற ஒவ்வொரு கட்டுரைக்கும் உன் அம்மாவுக்கு விளங்கும்படி தமிழில் ஒரு பக்கம் எழுதி எனக்கு அனுப்ப வேண்டும். பட்டம் வாங்கியதும் முதல் ஐந்து வருஷம் கிராமத்துச் சேகரத்தில் இருக்க வேண்டும். ஒப்புக் கொண்டால் நற்சான்று எழுதுகிறேன்" என்றேன். முதல் நிபந்தனைக்கு உடனே தலையாட்டினான். இரண்டாவதற்குக் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தான். பிறகு, "சரி மாமா" என்றான். அந்தக் கொஞ்ச நேரம் எனக்குப் பிடித்திருந்தது. யோசிக்காமல் சரி என்றிருந்தால் நம்பியிருக்கமாட்டேன்.

நற்சான்றைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். பத்து நாள் கழித்து அது திரும்பி வந்தது. ஆங்கிலத்தில் எழுதி அனுப்பும்படி அலுவலகத்தில் ஒரு துண்டுச் சீட்டு வைத்திருந்தார்கள்.

அதே வாசகத்தைத் தமிழிலேயே, இன்னும் கொஞ்சம் பெரிய எழுத்தில், திரும்ப எழுதி அனுப்பியிருக்கிறேன்.